பேர் போன விளக்கு

அண்ணன் ஏகநாதனின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஹேமாவதி, கூடத்தில் நிமிர்ந்து பார்த்தவள் பார்த்தபடியே நின்றுவிட்டாள். மேலே தொங்கியது அம்மாவின் தூக்கு விளக்கு. சங்கிலிக் கண்ணி ஒவ்வொன்றிலும் கொடி வேலைப்பாடு, உச்சியில் கழுத்தை வளைத்த அன்னம், அதன் அலகில் தாமரை மொட்டு. திரி எரிய வேண்டிய ஐந்து முகத்திலும் மஞ்சள் பல்பு. எண்ணெய் நிற்கிற கிண்ணத்தில் ஒயர் போக ஓட்டை போட்டிருந்தான் பாவி!

தாய்வீட்டுச் சீராக வந்த அந்த விளக்கை, அம்மா முத்தாலம்மாள் விளிம்பில் பேர் வெட்டி ஊர் அம்மன் கோயிலுக்குக் கொடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருப்பணிக்காக இறக்கியபோது அது காணாமல் போனது. கமிட்டித் தலைவன் சாட்சாத் ஏகநாதன்தான். "எவனோ திருடன் தூக்கினு பூட்டான்மா" என்று கையை விரித்தான். கண்ணை மூடுகிற அன்றுகூட அம்மா, "வௌக்கு கெடச்சுதாடி?" என்றுதான் கேட்டாள். திருடனைப் பெற்றதே தான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

"இன்னாண்ணா இது?"

"பல்லாவரம் சந்தைல வாங்கினேன். ஆன்டிக் பீஸ். அம்மாது மாரியே கீதுல்ல?" கொஞ்சமும் கூசாமல் சொன்னான். "வோணும்னா பாரு, பேரு கீரு ஒண்ணும் இல்ல."

பேரைப் பற்றி இவள் கேட்கவே இல்லையே! நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று தேய்த்திருந்தது. பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறான். பாலிஷ் போட்டவனும் சொன்ன சொல் மாறாமல் பேரை மட்டும் எடுத்திருக்கிறான். பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய 'உபயம்' அப்படியே இருந்தது.

"உபயம்!" கூடமே அதிரப் படித்தாள். "சாமிக்குக் குடுத்தத சந்தைல எவன்ணா வித்தான்?"

பந்திக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"மானத்த வாங்காதடி," ஏகநாதன் பல்லைக் கடித்தான். "எறங்கு. அம்மா பேர நாளைக்கே திரும்ப வெட்டித் தரேன்."

"மொதல்ல சுவிட்ச அணை."

ஊரே பார்க்கிறது, என்ன செய்வான்? அணைத்தான். ஒயரைப் பிய்த்தெறிந்து, விளக்கைக் கொக்கியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் அணைத்தபடி இறங்கினாள் ஹேமாவதி.

"ஒண்ணியும் வெட்ட வோணாம். கோயில்ல இப்டியே தொங்கட்டும். யாரு உபயம்னு கேக்கறவங்களுக்கு அம்மா பேரச் சொல்றேன். பேர யாரு அழிச்சதுன்னு கேட்டா, உன் பேரச் சொல்றேன்."