நிலக்கரி அறை என்று எழுதிய அட்டை

'படகில் பசு' ஓவியம் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது. போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

"பாத்து இறக்குடா. ஜெர்மன் புல்லைத் தின்னு மாடு கனத்துப்போச்சு" என்றான் பெட்டி தூக்கியவன். எல்லோரும் சிரித்தார்கள். ஆல்த்யே அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கணவர் வெஸ்ஸல் எங்கள் காவலாளியாக இருந்தவர். இந்தப் படத்தை ஒளித்துவைத்ததற்காக எங்கள் ஊரைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் படத்தோடு அவரையும் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

"மாடு வந்துடுச்சு. அந்த ரொட்டிக்காரன் வாயை மூடிட்டு இருந்திருந்தா மனுஷனும் இருந்திருப்பாரு" என்றாள் அக்கா.

எதிர்க்கடை கோபஸ்தான் காட்டிக்கொடுத்தார் என்று மூன்று ஆண்டுகளாக அவள் சொல்லிவந்தாள். தெரு நம்பியது. அவரிடம் அநேகமாக யாரும் ரொட்டி வாங்குவதில்லை.

எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று அட்டையில் எழுதிவைப்பது என் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் சரிபார்ப்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பசு சுவரில் இல்லை. தேடியபோது நிலக்கரி அறையில், சாக்குகளுக்குப் பின்னால் இருந்தது. வெஸ்ஸலிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல், இடத்தை அட்டையில் திருத்தினேன். மறுவாரம் அந்தப் படத்தைக் கேட்டு வந்த ஜெர்மன் அதிகாரியிடம், "பழுதுபார்க்க அனுப்பியிருக்கு" என்றார் வெஸ்ஸல். அதிகாரி என் இழுப்பறையைத் திறந்து, அட்டையை எடுத்துப் படித்துவிட்டு அங்கேயே போட்டார். அப்போது அங்கே இருந்தது நாங்கள் மூவர் மட்டும்.

இதை அக்காவிடம் சொல்லப் பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டு வந்தேன். இன்று அந்த அட்டையையே அவள் கையில் கொடுத்தேன்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது உன் எழுத்துதானே?"

"ஆமாக்கா. நான்தான்."

"மூணு வருஷமா எங்கூட உக்காந்து காப்பி குடிச்சிருக்கியேடி."

"பயமா இருந்துச்சுக்கா."

அவள் அட்டையை என் மடியில் போட்டாள். "போ. அவங்கிட்டயும் சொல்லு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

கோபஸின் கடையில் அவர் மட்டுமே இருந்தார். ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க யாரு இருக்கா கேக்க?" என்றார் கடைசியில். "வெளிய வந்து சொல்லும்மா."

மாவு படிந்த ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து, கதவைத் திறந்து பிடித்தார். நான் தெருவில் இறங்கினேன்.