டோக்கன் எண் நாற்பத்தொன்று

1
ஐந்தருவிக் கடையில் ரம்புட்டான் பழம் பொதிந்து கொடுத்த தாளிலிருந்து வந்த கதை இது. ‘புதிய குடியிருப்புக்குப் பெயர் சொல்லுங்கள்’ என்று அச்சடித்த படிவம். டோக்கன் எண் 41 என்று எழுதியிருந்தது. பெயருக்கான கட்டம் காலி. மற்றதெல்லாம் என் கற்பனை.

2
‘சாரலில் குற்றாலம் சொக்கிக்கிடந்த அந்த...’

வேண்டாம். விடுதி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

பழக்கடை தங்கத்தாய் படிவத்தை வாங்கிப் பேனாவைத் திறந்தாள். (இப்படியே தொடங்கலாம்.) அவள் குடியிருந்த இசக்கியம்மன் காலனியின் ஓட்டு வீடுகளை இடித்து நான்கு மாடி கட்டியாயிற்று. அம்மன் பீடமும் அதோடு போயிற்று. இன்று கருத்துக்கேட்புக் கூட்டம். கேட்பது பெயரைத்தான், ஆனால் டோக்கன் எண்ணையும் போட வேண்டும். வீட்டுச் சாவிக்கும் அதே எண்தான்.

3
“யக்கா, ‘சாரல் நகர்’னு எழுதுங்க. மேல அதத்தான் விரும்புதாங்க” என்றார் மேற்பார்வையாளர் விஜயசங்கர்.

“வேற பேரு எழுதுனா?”

“தாராளமா எழுதலாம். நம்பர மட்டும் தெளிவா போட்டுருங்க.”

(இவரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். கடைசிவரை சிரித்த முகமாகவே நின்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.)

4
பக்கத்தில் மகள் உமாராணி, ஏழு மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. ‘நல்லபடியா பெத்துப் பொழைச்சா உம் பேரையே பிள்ளைக்கு வைக்கேன்’ என்று தங்கத்தாய் அந்த இசக்கியிடம்தான் நேர்ந்திருக்கிறாள். பிள்ளைக்குச் சொன்ன பெயரை ஊரிலிருந்து தன் கையாலேயே எப்படி எடுப்பாள்?

“எம்மா, வாடகை வீட்டுலயா பிள்ளையப் பெத்துக்கிடணும்? சட்டுனு அந்தப் பேர எழுதிக் குடு.”

“எந்தப் பேரட்டி?”

உமாராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

5
முடிவு ஒன்று: ‘சாரல் நகர்’ என்று எழுதுகிறாள். சாவி கிடைக்கிறது. எட்டாம் மாதம் உமாராணிக்கு...

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த வரியை முடிக்க மாட்டேன்.

முடிவு இரண்டு: இசக்கியின் பெயரையே எழுதுகிறாள். சாவி கொடுக்கும் நாளில் நாற்பதை அடுத்து நாற்பத்திரண்டைக் கூப்பிடுகிறார்கள்.

முடிவு மூன்று: எதுவும் எழுதாமல் படிவத்தை மடியில் செருகிக்கொண்டு வந்து, மறுநாள் அதில் பழம் பொதிந்து யாரோ ஒருவன் தலையில் கட்டிவிடுகிறாள்.

அந்த யாரோ நான்தான். தாள் என் மேசையில் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்களே எழுதிவிடுங்கள்.

பெயர்: ____________

அவள் எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டேன். உங்கள் வீட்டு எண்ணைத் தெளிவாகப் போடுங்கள்.