பூஜ்ஜியக் குழி

மனித குலத்தின் மிகப் பழைய எதிரியான காசநோய்க்கு எதிரான இறுதிப் போர் தம்முடைய ஆய்வகத்தில்தான் முடியப்போகிறது என்று பேராசிரியர் அறிவித்தார். அறிவித்தது லிஃப்டில். கேட்டவர்கள் இருவர், ஒருவர் இரண்டாம் மாடியிலேயே இறங்கிவிட்டார்.

காசநோய்க் கிருமி, சர்க்கரையும் கொழுப்பும் கலந்த மெழுகுச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு திரியும். உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டுகொண்டால் அதைப் பிடிக்க ரத்தத்துக்குள் ஆள் அனுப்பும். பேராசிரியர் அந்தச் சட்டையை உரித்து, பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் பூசியிருந்தார். ஆள் இருக்கும் ரத்தம் விழுந்தால் குழி மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் ஒன்று வேண்டுமே, அது வருஷக்கணக்காக அவருடையதுதான். "என்னைவிட ஆரோக்கியமானவன் இந்தக் கட்டடத்துல யாரு இருக்கா?" என்பார், இருமிக்கொண்டே. அவர் குழியில் என்ன நிறமோ அதுதான் இயந்திரத்துக்குப் பூஜ்ஜியம்; அதைவிட மஞ்சளானால்தான் நோய் என்று சொல்லும். சில மாதங்களாக அதில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. விளக்கு வெளிச்சம் சரியில்லை என்று பல்பை மாற்றச் சொன்னார்.

மறுநாள் மதிப்பீட்டுக் குழு வருகிறது. பரிசோதனை சொதப்பினால் ஆய்வகத்துக்குப் பூட்டு. அந்த நேரம் பார்த்து, நெஞ்சு நோய் மருத்துவரான கொழுந்தியாள் அனுப்பிய நோயாளிகளில் பாதிப் பேருக்கு நோயே இல்லை என்றது இயந்திரம்.

"உன் பேஷண்டுங்க சரியில்லம்மா," என்றார் போனில்.

"சரியில்லாமத்தான் மாமா எங்கிட்டயே வராங்க."

நேரில் வந்தவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையை நீட்டினாள். "இன்னிக்கு என் ரத்தத்தப் பூஜ்ஜியமா வைங்க. உங்களது ஒரு ஓரத்துல இருக்கட்டும்."

"என்னையே சந்தேகப்படுறியா?"

"உங்க இருமல. அக்கா சொல்லிச் சொல்லி ஓஞ்சுபோயிட்டா."

"அது ஏசி காத்து."

"வீட்டுல ஏது மாமா ஏசி?"

நிறம் வரக் காத்திருந்தார்கள். ஓரக் குழி வெளுப்பாகவே நின்றால் அவர் நலம், பாதி நோயாளிகளைக் கோட்டைவிட்ட பரிசோதனை குப்பை. மஞ்சளானால் பரிசோதனை பிரமாதம். வாழ்நாளில் முதல்முறையாகத் தம் கண்டுபிடிப்பு தோற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் குழுவின் முகங்கள் நினைவுக்கு வந்தன; வேண்டுதலைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நோயாளிகளின் குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. அவருடையதும் ஆனது. கொழுந்தியாளுடையது மட்டும் தண்ணீராக நின்றது.

"டெஸ்ட் அருமை மாமா," என்றாள். குரலில் கேலி இல்லை. "இத மட்டும் வச்சு முடிவா சொல்ல முடியாது. சளி குடுங்க, பாத்துடலாம்."

மூடி போட்ட சிறு டப்பாவை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நெஞ்சிலிருந்து சளியை எடுப்பது எப்படி என்று நோயாளிகளுக்கு விளக்கும் ஒலிப்பதிவில் பேசுவது அவர்தான். ஓயாமல் வந்த இருமல், அழைத்தபோது வரவில்லை. வெகுநேரம் கழித்து இறங்கி வந்து டப்பாவை நீட்டினார்.

அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

உள்ளே இருந்தது எச்சில்.