ரொட்டிக்காரர் வீட்டுக்கு வழி

முகவரியை முழுதாகத் தட்டினால் பக்கம் திறந்தது. தேடலில் போட்டால் வரவேயில்லை. பிரேமலா, மலேசியாவின் ராவாங் ஊரில் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தப் பெயரில், சொந்தமாக ஓர் இணையத்தளம். இருக்கிறது, ஆனால் இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"யாரு கண்ணுக்கும் தெரியாத வெப்சைட்டுக்கு வருசா வருசம் காசு வேற கட்டணும்," என்றாள் பக்கத்து மேசை நித்தியா. "ஃபேஸ்புக்கே போதும்னு சொன்னேன்லா, கேட்டியா நீ?"

"அண்ணன்கிட்ட அது இல்லடி. இல்லாதவனுக்கு அது உள்ளயும் விடாது, 'மொதல்ல பதிஞ்சுக்கோ'ன்னு கதவச் சாத்திடும்."

அண்ணன் யுவனேஸ்வரன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஜொகூர் பக்கம் போனவன். அப்பா இறந்த பிறகும் திரும்பவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி குரல் மட்டும் வரும், எண்ணை மறைத்துக்கொண்டு. நம்பர் கொடேன் என்றால், "நா கூப்புடுறேன்லா" என்று வைத்துவிடுவான். அவனுக்காகவே ஒரு பழைய போனை வைத்திருந்தார்கள். அம்மா இராஜம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த மாதங்களில் பிரேமலா அதற்குக் காசு ஏற்ற மறந்துபோனாள். எண் காலாவதியாகி இன்னொருவருக்குப் போய்விட்டது.

அந்தப் பழைய எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு மலாய்க்கார இளைஞர் எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். தீபாவளியன்று யாரோ கூப்பிட்டார்களாம். இவர் ஹலோ சொன்னதும் பேசாமலே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வைத்துவிட்டார்களாம். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் பிரேமலாவால் தாங்க முடியவில்லை.

நேரில் தேடி வரவும் வழியில்லை. அவர்கள் இருந்த சுங்கை மெலூர் தோட்டத்து லய வீடுகளை இடித்தாயிற்று. புக்கிட் செந்தோசாவுக்கு வந்த பிறகும் வீடு மாறிவிட்டார்கள். அப்போதுதான் எங்கோ படித்தாள்: இணையத்தளத்துக்குப் பெயர் வேறு, பக்கங்கள் இருக்கும் இடம் வேறு. பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டால் போதும். நாளைக்குப் பக்கங்களை வேறு கம்பெனியின் கணினிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும், அதே பெயரைத் தட்டுகிறவர் புது இடத்துக்கே வந்து சேருவார். ஒரு குடும்பம் எத்தனை முறை வீடு மாறினாலும் மாறாத ஒரு வாசல்! அதைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டாள். விட்டுப்போகாமல் புதுப்பிக்க வங்கி அட்டையிலிருந்து தானாகவே பணம் போகும்படி வைத்தாள்.

பக்கத்தில் போட ஒன்று வேண்டுமே. கல்யாணமோ கருமக்கிரியையோ கோயில் திருவிழாவோ, எல்லாரும் எதைச் செய்வார்களோ அதையே செய்தாள். பேனர் கடை கார்த்திகேசுவிடம் சொல்லி, ரோஜா ஓரம் வைத்து, அம்மாவின் படம், சேதி, புது எண் எல்லாம் சேர்த்து ஒரு போஸ்டர் அடித்து வாங்கி ஏற்றினாள். "அம்மாவுக்கு மாலை ஒன்னுதான் கொறச்சல்," என்று நித்தியா சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டில் அம்மா கேட்டார். "இன்னும் வரலியா அது?"

"தேடுனா வரலம்மா."

"என்னன்னு போட்டுத் தேடுன?"

"எம்பேரத்தான்."

"அவனா ஒன்னப் பிரேமலான்னு தேடப்போறான்? பொறந்ததுலேர்ந்து நீ அவனுக்குப் பாப்பா. தோட்டத்துல ரொட்டிக்காரர் வூடுன்னாத்தான் நம்மளத் தெரியும்."

அப்பா சாயங்காலங்களில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்றவர். போஸ்டரில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சேர்க்கலாமென்று பிரேமலா தன் பக்கத்தைத் திறந்து, நகலெடுக்க ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்தினாள். சொல் பிடிபடவில்லை. போஸ்டர் முழுவதும் ஒரே துண்டாகப் பிடிபட்டது.

தேடுபொறி பக்கம் பக்கமாகப் போய், கிடைக்கும் சொற்களைக் குறித்துவைக்கிறது. யாராவது கேட்கும்போது குறித்ததிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அவள் பக்கத்தில் குறித்துக்கொள்ள அதற்கு ஒரு சொல்லும் கிடைத்திருக்காது. அவள் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்ததெல்லாம் அதற்கு வெறும் படம்.

"ஏம்மா, அவன் தேடுவானா?"

"தீவாளிக்குக் கூப்ட்டிருக்கான்ல," என்றார் அம்மா.

பிரேமலா போஸ்டரை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் தமிழில் ஒரு முறையும் மலாயில் ஒரு முறையும் சொல் சொல்லாகத் தட்டினாள்: சுங்கை மெலூர் தோட்டம், ரொட்டிக்காரர் வீடு. யுவாண்ணே, நான் பாப்பா. அம்மா நல்லா இருக்கு, இப்ப நடக்குது. பழைய நம்பர் நம்மகிட்ட இல்ல, இதுதான் புதுசு. பிறகு, பக்கம் மாறியிருக்கிறது, வந்து படி என்று தேடுபொறிக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்பினாள்.

சில நாள் கழித்து, அலுவலகத்தில், அண்ணன் தட்டுவதுபோல நினைத்துக்கொண்டு 'சுங்கை மெலூர் ரொட்டிக்காரர்' என்று தட்டினாள். முதல் வரியில் அவர்கள் பக்கம் வந்தது.