கடைசிப் பக்கத்தில் என் பெயர்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. கடைக்காரர் சிரித்தால் எடை குறைகிறதா என்று பார்ப்பேன். யாராவது பாராட்டினால், அடுத்து என்ன உதவி கேட்கப் போகிறார் என்று காத்திருப்பேன். உல்ஜினிலிருந்து சியோலுக்குக் கல்லூரியில் சேர வந்தபோது துணிமணியோடு இந்தக் குணத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

அப்படிப்பட்ட நான் முதல் பருவத்தில் ஒரே ஒரு ஆளை நம்பினேன். பெயர் மின் கும்ஜு. நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதி உள்ளே வந்தவள். எங்களோடு முதலாண்டுதான், ஆனால் இரண்டு வயது மூத்தவள். மார்ச் மாதக் கடைசியில், வரவேற்பு விருந்தெல்லாம் முடிந்து அவரவர் ஒரு கூட்டத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு, நான் மாணவர் உணவகத்தில் சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தட்டு வந்தது.

"நீ நம்ம துறைதானே? செவுத்துல என்ன, படமா ஓடுது?"

"இல்லீங்க..."

"என்ன இல்லீங்க நொள்ளீங்க. அக்கான்னு கூப்பிடு. எனக்கும் கூடச் சாப்பிட ஆள் இல்ல. கிழவின்னு நெனச்சு ஒரு பய கிட்ட வர மாட்டேங்குறான்."

சொல்லிக்கொண்டே தன் தட்டில் இருந்த மஞ்சள் முள்ளங்கித் துண்டுகளை எல்லாம் என் தட்டுக்குத் தள்ளினாள். அவளுக்கு அது பிடிக்காது, எனக்கு உயிர். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அவளோடுதான்.

மே மாதம் பொதுப்பாடம் ஒன்றில் குழு வேலை கொடுத்தார்கள். நாங்கள் நான்கு பேர்: கும்ஜு அக்கா, நான், பியோ சங்யுன் என்ற கண்ணாடிக்காரன், தேக்யு என்ற வாயில்லாப் பூச்சி. எங்கள் தலைப்பு, முதலாண்டு மாணவர்கள் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பது. நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியது நான்தான். 'இங்கே நீங்கள் நம்பும் ஆட்கள் எத்தனை பேர்?' என்று அதில் ஒரு கேள்வி. என் தாளில் 'ஒருவர்' என்று எழுதினேன். வாங்கிய தாள்களைக் கணினியில் ஏற்றும்போது ஒரு வரிசை முழுக்கத் தப்பாக ஏற்றினேன். அக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியின் பெயரில்லாப் பலகையில் அந்தப் பதிவைப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் எழுதலாம், பாதிக் கல்லூரி அங்கேதான் குடியிருக்கும்.

'பொதுப்பாடம், நாலு பேர் குழு. ஒரு ஆள் வேலையே செய்யறதில்ல. வெள்ளிக்கிழமை ஆனா ஊருக்கு ஓடிடுது. கேட்டா, நான் என்ன செய்யணும்னு நம்மகிட்டயே கேக்குது. கடைசிப் பக்கத்துல பேரை எடுத்துடலாமா?'

கீழே எண்பது பேர் 'எடு, யோசிக்காதே' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் நாட்டுக் கல்லூரிகளில் இது ஒரு தண்டனை. வகுப்பில் படம் காட்டிப் பேசி முடிக்கும்போது கடைசிப் பக்கத்தில் குழுவின் பெயர்கள் வரும். வேலை செய்யாதவன் பெயர் அதில் இருக்காது. வகுப்பே பார்க்கும்போதுதான் அவனும் பார்ப்பான்.

அந்தப் பதிவு என்னைப் பற்றியது போலவே இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை நடந்ததால் வெள்ளிக்கிழமைதோறும் நான் உல்ஜினுக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'நான் என்ன செய்யணும்' என்று மூன்று தடவையாவது கேட்டிருக்கிறேன். எழுதியது யார்?

குழுவின் அரட்டை அறையில், 'ஒன்பதாம் பக்கத்தை நான் செய்யட்டுமா?' என்று போட்டேன். எத்தனை பேர் இன்னும் படிக்கவில்லை என்று செய்தியின் பக்கத்தில் எண் காட்டும். மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது. அந்த ஒன்று மட்டும், இரண்டு நாளாகியும் மறையவில்லை. உள்ளே போகாமல், திரையில் எட்டிப்பார்க்கும் முதல் வரியை மட்டும் படித்தால் அந்த எண் மாறாது. அந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே கும்ஜு அக்காதான். 'படிச்சது யாருக்கும் தெரியாதுடி' என்று கண்ணடித்திருந்தாள்.

வியாழக்கிழமை காபிக் கடையில் அக்காவும் சங்யுனும் ஒரே கைபேசியைப் பார்த்துத் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போனதும் அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஹேவோன்... நீ இன்னும் ஊருக்குக் கெளம்பலையா?" என்றான் சங்யுன்.

"நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை. என்ன ரகசியம்?"

"ஒண்ணுமில்லடி, எழுத்து சின்னதா இருக்குன்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள் அக்கா.

எழுத்து சின்னதாக இருப்பதற்கு யாராவது கைபேசியைக் கவிழ்ப்பார்களா? நான் இல்லாத இன்னொரு அரட்டை அறை இருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டினேன். முள்ளங்கி தள்ளிய கையே என் பெயரையும் தள்ளப்போகிறது என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் குழுவில் ஒருவருக்கொருவர் ஐந்துக்கு மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டும். யார் போட்டது என்று பேராசிரியர் சொல்லமாட்டார். ஆனால் பூஜ்யம் வாங்கியவர் அவர் அறைக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டும். திரும்பும் பேருந்தில் உட்கார்ந்து போட்டேன். தேக்யுவுக்கு மூன்று. சங்யுனுக்கு ஐந்து, அவன் எனக்கு யாரோ, யாரோ செய்தால் வலிக்காது. கும்ஜு அக்காவுக்குப் பூஜ்யம். அடுத்த வருடம் அவள் துறை மாற விரும்பினாள், அதற்கு எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் குழுவின் சார்பாக அக்கா நன்றாகப் பேசினாள். கடைசிப் பக்கம் வந்தது. மின் கும்ஜு, பியோ சங்யுன், தோ ஹேவோன். நான் மூன்று தடவை படித்தேன். பின்வரிசையில் தேக்யு பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனான். அவனும் வெள்ளிக்கிழமைதோறும் தன் ஊரான தேஜோனுக்குப் போகிறவன் என்பது அப்போதுதான் உறைத்தது. செய்தியைப் படிக்காத அந்த ஒருவனும் அவன்தான்.

நடைபாதையில் அக்கா என் தோளில் கை போட்டாள்.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லலன்னு கோவமா? பேரை எடுத்தவங்கன்னு ஒரு தடவை பேச்சு வந்துட்டா நாலு வருஷமும் துறையில ஒட்டிக்கும்டி. நீ சின்னப்புள்ள. பழி எங்களோட போகட்டும், அவளை இழுக்காதேன்னு சங்யுன்கிட்ட நான்தான் சொன்னேன்."

போட்ட பூஜ்யத்தை மாற்ற முடியுமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு மணி முந்தின நாளே முடிந்துபோயிருந்தது.

புதன்கிழமை சாப்பாட்டில் அவள் மீனைத் தொடவே இல்லை.

"எனக்கு ஒருத்தர் பூஜ்யம் போட்டிருக்காங்க. நாளைக்கு மூணு மணிக்கு வரச்சொல்லியிருக்காரு. இந்த ஒரு பாடம் போச்சுன்னா துறை மாத்தம் அவ்வளவுதான்."

"தேக்யுவா இருக்கும்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பெயர்!

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அவன் பேரை எடுத்தது அவனுக்குத் திங்கக்கிழமைதானே தெரியும்? மார்க் ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிடுச்சு." குச்சியால் சோற்றைக் கிளறினாள். "சங்யுன் போட்டிருப்பானா? அவன் என்கூட உக்காந்துதானே எல்லாத்தையும் செஞ்சான்."

நான் சூப்புக் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அப்ப யாருடி?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்று பேரில் இரண்டு பேரைக் கழித்தவளுக்கு மூன்றாவது ஆள் ஞாபகத்துக்கே வரவில்லை. வழக்கம்போல முள்ளங்கியை என் தட்டுக்குத் தள்ளினாள். "நாளைக்குத் துணைக்கு வாயேன். வெளியில நின்னா போதும்."

போனேன். வாயால் சொல்லத் துணிச்சல் இல்லை. அவள் பேராசிரியர் கதவருகே போய் நின்றதும், பத்தடி தள்ளி நின்று அவளுக்கு மட்டும் கைபேசியில் செய்தி தட்டினேன்: 'பூஜ்யம் போட்டது நான்தான் அக்கா.' அனுப்பினேன். அவள் கையில் இருந்த கைபேசி அதிர்ந்தது. திரையைப் பார்த்தாள். ஒரு வரி படிக்கும் நேரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டி உள்ளே போனாள்.

கதவு சரியாக மூடவில்லை.

"யார் போட்டிருப்பாங்கன்னு உனக்கு ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"இல்லீங்க சார், தெரியாது" என்றாள் அக்கா.

"யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டுக் காரணம் கேக்கலாம். இல்லன்னா போட்டது போட்டதுதான்."

"தெரியாதுங்க சார்."

வெளியே வந்தவள் அந்தப்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போனாள். அடுத்த நாளே நான் பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மதிப்பெண்ணைத் திருத்தினார். அக்கா அடுத்த வருடம் துறை மாறிப் போனாள். நான் பழைய சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

நான் அனுப்பிய செய்தியின் பக்கத்தில் ஒன்று என்ற எண் இன்றும் அப்படியே இருக்கிறது. அவள் அதைப் படிக்கவில்லை என்கிறது கைபேசி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.