முப்பத்தொன்பதாம் தாளுக்கு இரண்டு மதிப்பெண்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் துடிக்கவில்லை. மாட்டிவிடப்பட்டேன். என் அண்ணி ஒரு இயற்பியல் விஞ்ஞானி. அவர் ஓய்வு பெறுவதையொட்டி அவருடைய ஆய்வு நிறுவனம் ஒரு சிறப்பு மலர் போடுகிறதாம். 'அறிவியல் கல்விக்கும் பன்முகத்தன்மைக்கும் அவர் ஆற்றிய அளப்பரிய தொண்டு' பற்றி நான்கு பக்கம் வேண்டும் என்று நிறுவனத்தின் இயக்குநர் தொலைபேசியில் கேட்டார். 'அளப்பரிய' என்ற சொல்லை ஒரு இயற்பியல் நிறுவனத்தின் தலைவர் இவ்வளவு சுலபமாக விடலாமா என்று தோன்றியது. அளப்பதுதானே ஐயா உங்கள் தொழில்?

கொஞ்சம் நகைச்சுவையும் இருக்கட்டும், ஆனால் யார் மனமும் நோகக் கூடாது என்றும் சொன்னார். நனையாமல் நீச்சல் அடிக்கச் சொல்கிறார். குடும்ப விஷயம் என்பதால் சரி என்றேன்.

ஆரம்பம் ஒன்று: சிறு வயதிலேயே இரவு வானத்தின் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்து வியந்த அந்தச் சிறுமி –

[நிறுத்திவிட்டேன். அண்ணிக்கு ஆறு வயதிலிருந்து கிட்டப்பார்வை. நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதைப் பிறர் சொல்லித்தான் நம்பினார்.]

ஆரம்பம் இரண்டு: தன்னையே உருக்கிப் பிறருக்கு ஒளி தந்த மெழுகு –

[மலர்க் கட்டுரைகளில் இதுவரை உருகியிருக்கும் மெழுகுக்கு ஒரு கிடங்கே போதாது.]

ஆரம்பம் மூன்று: முப்பத்திரண்டு வருடங்களாக அவர் மணல் சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது உண்மை. மணல், மாவு, உப்பு மாதிரியான தூள்கள் குவியும்போது எந்தக் கணத்தில் சரியத் தொடங்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆனால் இயக்குநர் இதை ஏற்க மாட்டார். கம்பீரம் போதாது.

2

எழுத ஒப்புக்கொண்டபோது அண்ணி ஒரே நிபந்தனை போட்டார். ஒவ்வொரு படியையும் அவர் பார்க்க வேண்டும். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவார். என் அழகான வாக்கியங்களின் ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதுவார். முதல் படியில் பத்தொன்பது 'ஆதாரம்?' இருந்தது.* கல்யாண நாளில் அவர் சிவப்புப் புடவை கட்டியிருந்தார் என்று எழுதியதற்குக்கூட ஒன்று. நான் நேரில் பார்த்தவன். அண்ணனைக் கேட்டேன். "நான் அன்னிக்கு புடவையைப் பாக்கற நிலைமையில இல்லடா," என்று நழுவிக்கொண்டான்.

(* இந்தப் படியில் எத்தனை என்பதை வாசகர் தாமே எண்ணிக்கொள்ளலாம்.)

கதைக்குத் தேவையான ஒரு விவரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் அண்ணி சனிக்கிழமை வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கினார். வருடத்துக்குப் பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள். இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் நிறுவனத்துக்கு வந்து, உண்மையான கருவிகளைத் தொட்டு, உடைத்து, கற்றுக்கொள்ளலாம். அங்கே படித்த பலர் இன்று ஆராய்ச்சியில் இருக்கிறார்கள்.

பன்னிரண்டு பேரை எப்படிப் பொறுக்குவது? ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் வர வேண்டும் என்பது அண்ணியின் பிடிவாதம். அதனால் வீட்டிலேயே செய்கிற சோதனை ஒன்றைக் கொடுத்தார். நூலில் எதையாவது கட்டித் தொங்கவிடு. ஆட்டு. நூலின் நீளத்தையும் ஆடும் நேரத்தையும் அளந்து, பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்குப் போடு. பாடப்புத்தகம் 9.8 என்கிறது. உனக்கு எவ்வளவு வருகிறது?

வருகிற தாளில் பெயர் கிடையாது, பள்ளி கிடையாது, ஆணா பெண்ணா என்பதும் கிடையாது. எண் மட்டும். பெயர்கள் அலுவலகத்தில் ஒட்டிய உறையில் இருக்கும். இயக்குநர் இதைக் 'கண்கட்டித் தேர்வு' என்பார், நெஞ்சில் கை வைத்து. அவர் அறையில் பன்முகத்தன்மைக் குழுவின் படம் மாட்டியிருக்கிறது. ஒரே மாதிரி மேல்சட்டை போட்ட ஏழு ஆண்கள் நடுவில் நிற்கிறார்கள். ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு அண்ணி.

3

இந்த வருடம் நூற்று ஐம்பத்தெட்டுத் தாள்கள் வந்தன. திருத்தி முடித்துப் பன்னிரண்டு எண்களை எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழாவில் அந்தப் பட்டியலை அண்ணி மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு.

அந்த வாரம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேறாத தாள்களைக் கொடுங்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். கட்டுரைக்கு நகைச்சுவை வேண்டுமே. தப்பான விடைகளைப் போலச் சிரிப்புக்கு உதவுவது எது? அண்ணி ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில், ஒன்றை உரக்கப் படித்தேன். எண் முப்பத்தொன்பது.

'ஆணி இல்லை. மாடிப்படிக் கைப்பிடியில் கட்டினேன். இரும்புக் குண்டு இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கட்டினேன். கைப்பிடியிலிருந்து பாட்டில் மூடி வரை 92 சென்டிமீட்டர். இருபது ஆட்டத்துக்கு 40 வினாடி. விடை 9.1 வருகிறது. புத்தகத்தில் 9.8. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இப்படித்தான் வருகிறது. புத்தகம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு வந்தது இது. காரணம் தெரியவில்லை.'

மேலே சிவப்பு மையில், பத்துக்கு இரண்டு.

நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கினார்.

"மூடி வரைக்கும் அளந்திருக்கு," என்றார். "பாட்டிலோட நடு வரைக்கும் அளக்கணும். ஏழு சென்டிமீட்டர் விட்டுப்போச்சு. அதைச் சேர்த்தா ஒன்பது புள்ளி எட்டு கரெக்டா வரும்."

"அப்ப தப்புதானே அண்ணி?"

"தம்பி, இதுக்கு யாரு ரெண்டு மார்க் போட்டது?"

4

போட்டவர்கள் இரண்டு உதவியாளர்கள். அவர்கள் மேல் பழி இல்லை. அவர்கள் கையில் விடைக்குறிப்பு இருந்தது. 'விடை 9.7 முதல் 9.9 வரை இருந்தால் எட்டு மதிப்பெண். முயற்சிக்கு இரண்டு.' பதினோரு வருடங்களுக்கு முன் எழுதியது. எழுதியவர் அண்ணி. கையெழுத்துகூட அவருடையதுதான்.

அண்ணி உள்ளே போய்த் தேறிய பன்னிரண்டு தாள்களை எடுத்து வந்தார். பதினொன்றில் 9.8 என்று அச்சடித்த மாதிரி இருந்தது. அவற்றில் ஒன்றில் நூல் ஐம்பது சென்டிமீட்டர், ஒரு ஆட்டத்துக்கு இரண்டு வினாடி என்று எழுதி, விடை 9.8 என்று கோடு போட்டிருந்தது. அண்ணி ஓரத்தில் கணக்குப் போட்டார்.

"இந்த அளவுக்கு விடை அஞ்சுகூட வராது," என்றார்.

பன்னிரண்டில் ஏழு அப்படி. நூலே கட்டாமல், புத்தகத்திலிருந்து விடையை எடுத்து வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து முன்னால் எழுதிய தாள்கள். தேறிய பன்னிரண்டு பேரின் பெயர்களை மட்டும் அலுவலகத்தில் ஏற்கெனவே பிரித்துப் பார்த்திருந்தார்கள். பன்னிரண்டில் ஒன்பது பிள்ளைகள் பெரிய ஆய்வுக்கூடங்கள் உள்ள இரண்டே பள்ளிகளிலிருந்து. எந்த விடை வர வேண்டும் என்பதை அங்கே முதல் வகுப்பிலேயே பிள்ளைகளின் மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நிறுவனம் வருடாவருடம் நேராக அதே வாசலில் போய் நின்றிருக்கிறது.

நிஜமாகவே அளந்து பார்த்துவிட்டு, வந்ததை வந்தபடி எழுதிய பிள்ளை வெளியே.

'அண்ணியின் கண்களில் நீர் திரண்டது' என்று எழுதினேன். ஓரத்தில் அண்ணியின் பென்சில்:

[ஆதாரம்? எனக்கு ஞாயித்துக்கிழமை முழுக்க ஜலதோஷம்.]

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முப்பத்தொன்பதை நான் ஒரு சிறுமியாக எழுதியிருந்தேன். ஒல்லியான சிறுமி. அப்பா தையல்காரர். நூலை அவர் பெட்டியிலிருந்து எடுத்தாள். படியில் ஏறி இறங்கும் குடித்தனக்காரர்கள் அவளைத் திட்டினார்கள். மூன்றாம் முறை ஆட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

அண்ணி பத்தி முழுக்கக் குறுக்குக் கோடு போட்டார்.

"சிறுமின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஒரு யூகம்தான்."

"ஒல்லின்னு?"

என் பத்தியை நானே இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

"பையனா இருக்கலாம். குண்டா இருக்கலாம். அப்பா அந்த மாடிப்படிக்கே சொந்தக்காரரா இருக்கலாம். நமக்குத் தெரிஞ்சது தொண்ணூத்திரண்டு சென்டிமீட்டர், நாப்பது செகண்ட். அதை மட்டும் எழுதுங்க."

பன்முகத்தன்மையைப் பற்றி நான்கு பக்கம் எழுத வந்தவன், ஏழை என்றால் ஒல்லி, நேர்மை என்றால் சிறுமி என்று இரண்டு அச்சில் வார்த்து வைத்திருக்கிறேன். இயக்குநரை நக்கலடித்த இரண்டாம் பகுதியை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். [எடுக்கவில்லை. அந்தப் புகைப்படம் நிஜம்.]

எனவே, வாசகரே, முப்பத்தொன்பது இனி ஒரு பிள்ளை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

6

செவ்வாய்க்கிழமை அண்ணி இயக்குநரைப் பார்க்கப் போனார். பேட்டி எடுக்கிற சாக்கில் நானும் ஒட்டிக்கொண்டேன். அண்ணி விஷயத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். பட்டியலை நிறுத்த வேண்டும். விடைக்குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூற்று ஐம்பத்தெட்டுத் தாள்களையும் மறுபடி படிக்க வேண்டும்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. அழைப்பிதழ் அடித்துவிட்டவர், அவ்வளவுதான். உங்கள் பிள்ளை தேறிவிட்டது என்று இரண்டு பெற்றோருக்கு வேறு வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மேடம், அந்தப் பிள்ளையைப் பதிமூணாவதா சேத்துக்குவோம். சிறப்பு அனுமதி. நீங்களே மேடையில கூப்பிடுங்க. ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கும்."

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்டதே.

"அது கண்ணுல பட்டதே இவர் சிரிக்கறதுக்குத் தேடினதால," என்று அண்ணி என்னைக் காட்டினார். "மீதி நூத்து நாப்பத்தஞ்சு தாளை யாரு உரக்கப் படிச்சா?"

"பழைய பதினோரு வருஷத்தையும் கேள்வி கேப்பாங்க மேடம். இது உங்க பேரு. நாளைக்கு இந்த வகுப்பையே நிறுத்திடச் சொன்னாலும் சொல்வாங்க."

பணயத்தில் இருந்தது அதுதான். அண்ணி வாழ்நாளில் மணல் ஆராய்ச்சியைத் தவிர உருவாக்கியது அந்த ஒரு வகுப்பைத்தான். தெரியாத மாதிரி இருந்தால் மாலையோடு வீட்டுக்குப் போகலாம். அண்ணி மூக்கைச் சிந்தினார். (இதற்கு ஆதாரம் இருக்கிறது.)

"அளவு தப்புன்னு தெரிஞ்ச பிறகும் மறைக்கறவளா இருந்தா, சார், என்னை நீங்க இங்க வேலைக்கே எடுத்திருக்கக் கூடாது."

7

விழா நடந்தது. அண்ணி பட்டியலை வாசிக்கவில்லை. விடைக்குறிப்பைத் திரையில் போட்டு, இது நான் எழுதியது, இது தப்பு, என்றார். பக்கத்தில் முப்பத்தொன்பதாம் தாளைப் போட்டார். மூன்றே நிமிடம்.

மாலையோடு நின்ற இயக்குநர் அதை எப்போது போடுவது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து, கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் எழுந்தார்.

"மேடம், பாட்டில்ல தண்ணி முழுசா இருந்துச்சா, பாதியா?"

"எழுதல," என்றார் அண்ணி.

"பாதின்னா நடு இன்னும் கீழ போயிடுமே. நீங்க சொன்ன ஏழு சென்டிமீட்டர் சரியா வராது."

முன்வரிசையில் ஒரு பேராசிரியர் அதெப்படி என்று திரும்பினார். இன்னொருவர் அழைப்பிதழின் பின்பக்கத்தில் பாட்டில் வரைந்தார். யாரோ தன் பையிலிருந்து நிஜப் பாட்டிலையே எடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் பிரிவுபசார விழா என்ற ஒன்றையே மறந்துவிட்டு, இருநூறு பேர் ஒரு பிள்ளையின் மாடிப்படிச் சோதனையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பன்முகத்தன்மை பற்றி இயக்குநர் தயாரித்திருந்த பதினெட்டுப் பக்க உரை வாசிக்கப்படவே இல்லை. விழாவின் மகிழ்ச்சியான அம்சங்களில் அதையும் சேர்க்க வேண்டும்.

தாள்களை மறுபடி படிக்க யார் வருகிறீர்கள் என்று அண்ணி கேட்டபோது இருபத்தாறு கைகள் உயர்ந்தன. முதல் கை மெக்கானிக்குடையது.

8

முடிவுகள்.

(அ) முப்பத்தொன்பதாம் பிள்ளை தேர்வாகி, பெரிய விஞ்ஞானியாகி, ஒருநாள் மேடையில் – [ஆதாரம்?]

(ஆ) வகுப்பை மூடிவிடுகிறார்கள். அண்ணி தனியாக – [இல்லை. அதை முடிவு செய்ய வேண்டிய நிர்வாகக் குழுவின் கூட்டமே இன்னும் நடக்கவில்லை.]

(இ) தப்பை ஒப்புக்கொண்டதால் அண்ணியின் புகழ் இரட்டிப்பாகி – [தம்பி, வேண்டாம்.]

இதை எழுதும்போது சனிக்கிழமை மதியம். நிறுவனத்தின் பெரிய கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். முப்பத்தொன்பது எந்தக் கட்டில் இருக்கிறது என்று அண்ணி யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரோடும் அதுவும் வரிசையில் நிற்கட்டும் என்கிறார். என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். பள்ளியில் இயற்பியலில் நான் இரண்டு தடவை தோற்றவன் என்று முறையிட்டேன்.

"அதான் வேணும். தெரிஞ்சவங்க முதல்ல விடையைப் பாத்துடறாங்க."

விடைக்குறிப்பு கிடையாது. ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளை இதை நிஜமாகச் செய்ததா, செய்ததை யோசித்ததா? ஒவ்வொரு தாளையும் மூன்று பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியக் கூடாது. என் முன்னால் இருப்பது நூற்றுப்பதினான்கு.

'பூட்டைக் கட்டினேன். 60 சென்டிமீட்டர். அக்கா கடிகாரம் பார்த்தாள். பதினோராவது ஆட்டத்தில் பூட்டு கதவில் இடித்ததால் பத்தோடு நிறுத்தினேன். அக்கா 15 வினாடி என்றாள். அப்படிப் போட்டால் 10.5 வருகிறது. எனக்கு 16 என்று தோன்றியது. அப்படிப் போட்டால் 9.25. இரண்டில் எது என்று சண்டை வந்துவிட்டது. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.'

மெக்கானிக் படித்துவிட்டு ஒரு எண்ணைச் சீட்டில் எழுதி மடித்து வைத்திருக்கிறார். நானும் எழுதி மடித்துவிட்டேன். மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

உட்காருங்கள். பென்சில் தருகிறேன். பத்துக்கு எவ்வளவு?