ரிம்மில் தடவிய நல்லெண்ணெய்

இன்னொரு தடவை தாமதமாக வந்தால் வேலை கிடையாது என்று பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் கடிதமே கொடுத்துவிட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பழைய மவுண்டன் சைக்கிளில்தான் போகிறேன். மோட்டார்சைக்கிள் பாதை முழுக்க லோரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி. இந்த மாதம் நான்கு பஞ்சர். சலித்துப்போய்விட்டது.

சைக்கிள் கடை இக்ராம்தான் டியூபே வேண்டாம் என்றான். ரிம்மில் ஸ்போக் கம்பி மாட்டும் ஓட்டைகளை டேப் ஒட்டி மூடி, டயருக்குள் பால் மாதிரி ஒரு பசையை ஊற்றினால், எது குத்தினாலும் அது அடைத்துக்கொள்ளுமாம்.

அவனிடமே டேப்பும் பசையும் வாங்கி வந்து ஞாயிறு காலை உட்கார்ந்தேன். காற்றடித்தால் ஓட்டைக்கு ஓட்டை பசை குமிழி விட்டது. பிரித்து மறுபடி ஒட்டினேன். அதே கதை. மூன்றாம் முறை டேப் வாழைப்பழத் தோல் போல உரிந்து வந்தது. இடுப்பு விட்டுப்போனது. ஆத்திரத்தில் இக்ராமுக்குப் போன் போட்டேன்.

“மட்டமான டேப்ப என் தலைல கட்டிட்டியேடா!”

பாவம், கடையை விட்டு வந்தான். ரிம்மில் விரலைத் தேய்த்து முகர்ந்தான்.

“அண்ணே, டேப் ஓகே லா. நல்லெண்ணெய் வாசம் வருது. எண்ணெய்ல எப்படி ஒட்டும்?”

என் மனைவி சீதாலெட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஆயுத பூஜைக்கு நாந்தாங்க தடவுனேன். அன்னைக்கி டயர கழட்டிப் போட்டிருந்தீங்கல்ல, உள்ளேயும் சேத்துத் தடவிட்டேன். இனிமே பஞ்சரே ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு...”

கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு டேப்பை இக்ராமிடம் நீட்டினேன். இக்ராம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பிரிட் போட்டு ரிம்மைத் துடைத்தான். டேப் கப்பென்று பிடித்துக்கொண்டது.

திங்கள் காலை டயரை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கதவோரம் சீதாலெட்சுமி இரண்டு எலுமிச்சம்பழங்களோடு நின்றாள். வைக்கட்டுமா என்று கேட்கப் பயம் அவளுக்கு. நானே வாங்கிச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

பாதி வழியில் கம்பி குத்தியது. ஸ்ஸ் என்று சீறியது, பசை அடைத்ததும் சீறல் நின்றுவிட்டது. நிற்காமல் மிதித்தேன். ஏழடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலை வருகைப்பதிவு மிஷினில் விரல் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

“வந்து சேந்துட்டேன்.”

அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது.

“அழுவாத லா. அடுத்த வருசம் வெளிய மட்டும் தடவு.”